நடக்கும்வரை எடுக்காத முடி

ஜலகண்டாபுரத்திலிருந்து சேலம் அஸ்தம்பட்டிக்கு என் மகளைக் கை கால் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போகும்போதெல்லாம் பேருந்தில் யாராவது ஒருத்தி கேட்பாள்.

"ஏனுங்க, புள்ளைக்கு என்ன எண்ணெய் வெக்கறீங்க? இடுப்பு வரைக்கும் தொங்குது!"

சிரித்துவைப்பேன். அது எண்ணெயில் வளர்ந்த முடி இல்லை, வேண்டுதலில் வளர்ந்தது. பிறந்த முடியையே இன்னும் எடுக்கவில்லை. "தாயே, இவ நடந்து உன் வாசலுக்கு வரட்டும், அன்னைக்கு முடி எறக்கறேன்" என்று எங்கள் ஊர் மாரியம்மனிடம் சொல்லியிருந்தேன். மகளுக்கு ஐந்து வயது ஆகிவிட்டது.

அதே பேருந்தில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தியும் தன் மகனோடு வருவாள். இரண்டு பிள்ளைகளுக்கும் மருத்துவர் சொன்னது ஒரே பெயர், பெருமூளை வாதம். அவளும் அதே அம்மனுக்கு அதே வேண்டுதல்தான் வைத்திருந்தாள். பெயர் ஒன்று என்பதால் இரண்டும் சேர்ந்தே நடந்துவிடும் என்று நான் நம்பினேன்.

அவன் சுவரைப் பிடித்து நின்றான். பிறகு வாக்கரைத் தள்ளி அடி வைத்தான். என் மகளுக்கு அப்போதும் தலை நிற்கவில்லை. அவன் நடக்கையில் எல்லோரும் கைதட்டுவார்கள். நான் மகளின் வாயைத் துடைப்பதுபோல் குனிந்துகொள்வேன். வயிறு எரியும். வாக்கரைப் பிடித்து நடப்பதெல்லாம் ஒரு நடையா என்றுகூட நினைப்பேன்.

ஒருநாள் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேவிட்டேன். "அவனுக்கு மட்டும் தனியா ஏதாச்சும் சொல்லிக்குடுக்கறீங்களா?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "பேருதான்க்கா ஒண்ணு. அவனுக்குக் காலு மட்டும் இறுக்கம். பாப்பாவுக்குக் கை, காலு, கழுத்து, நாக்கு எல்லாமே. மூளையில எங்க, எவ்வளவு அடிபட்டிருக்குங்கறதப் பொறுத்தது. கால்ல கோளாறு இல்ல, காலுக்கு வர்ற உத்தரவுதான் வழியில சிக்கிக்குது. அந்த அடி ஆறாது, ஆனா வளரவும் செய்யாது. பழக்கப் பழக்க அவளுக்கு முடிஞ்சது வரும்."

"நடப்பாளா?"

"தெரியாதுக்கா. மொதல்ல தலை நிக்கட்டும். அந்த முடிய எடுத்திருங்களேன். கண்ணுல விழுது, வேர்வையில அரிக்குது. அவளால ஒதுக்கிவிட்டுக்கக்கூட முடியல."

"அது சாமி முடிங்க" என்றேன்.

அடுத்த வாரம் பக்கத்துத் தெருக்காரி வீட்டுக்கே வந்துவிட்டாள். "அக்கா, வெள்ளிக்கிழம பையனுக்கு மொட்டை. பாப்பாவத் தூக்கிட்டு வந்துருங்க."

காய்ச்சல் கீய்ச்சல் என்று சாக்குச் சொல்லப் பார்த்தேன். வீட்டுக்காரர் விடவில்லை. "அம்மன் வாசல்ல என்ன புள்ள ரோசம்? கெளம்பு."

மொட்டைத் தலையில் ஈரச் சந்தனத்தோடு அந்தப் பையன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு சன்னதிக்குப் போனான். அந்தச் சந்தனம் என் பிள்ளை தலையில் இருக்க வேண்டியது என்று மனசு அடித்துக்கொண்டது. மடியில் இருந்த மகளின் வாய்க்குள் முடி மாட்டிக்கொண்டது. துப்ப வராமல் முக்கினாள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்துபோய்ப் பூசாரியிடம், "நடக்கறதுக்கு முன்னாடியே முடி எறக்கலாமான்னு பூக் கேட்டுச் சொல்லுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் பொட்டலம் கட்டி, ஒரு தட்டில் அம்மன் காலடியில் வைத்து, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம்.

"அந்த மொட்டப் பையன் எடுக்கட்டும்" என்றார் பூசாரி.

"வேண்டாங்க. எம்மவ எடுப்பா."

"அவளால ஆகுமாம்மா? சனம் காத்துட்டு நிக்குதில்ல."

"நிக்கட்டுங்க."

தட்டைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னேன். நாங்கள் பேசியது அவளுக்குப் புரியும், உடம்புதான் கேட்காது. கை மேலே போயிற்று, பக்கவாட்டில் போயிற்று, பூசாரியின் வயிற்றில் ஒரு குத்து விட்டது. யாரோ சிரித்தார்கள். பிறகு கை ஒரு பொட்டலத்தின் மேல் விழுந்து மூடிக்கொண்டது. மூடியது திறக்கவில்லை. பூசாரி விரலைப் பிரிக்க வந்தார்.

"இழுக்காதீங்க சாமி. இழுத்தா இன்னும் இறுகும்."

பயிற்சியில் காட்டியபடி மணிக்கட்டை மெல்ல உள்பக்கம் மடக்கிப் புறங்கையை நீவிவிட்டேன். விரல்கள் தானாக விட்டன. கசங்கிய இலைக்குள் வெள்ளைப் பூ.

"என்ற தங்கமே!" என்று பக்கத்துத் தெருக்காரிதான் முதலில் சத்தம் போட்டாள். அன்றைக்கே முடி இறக்கினோம். அவள் அப்பா மடியில் வைத்து அணைத்துப் பிடித்துக்கொண்டார். கத்தி பட்டதும் ஊரைக் கூட்டி அழுதவள், தலையில் தண்ணீர் ஊற்றியதும் கெக்கெக்கென்று சிரித்தாள். சந்தனத்தை நானே பூசினேன். நடை வேண்டும் என்ற ஆசை போகவில்லை. அதை அம்மனுக்குக் கெடுவாக வைப்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

அந்தப் பையன் இப்போது வாக்கரையும் விட்டுவிட்டான். எனக்கு எரிகிறதுதான், பொய் சொல்லமாட்டேன். ஆனால் இப்போது குனிவதில்லை. அவன் நடப்பதைப் பார்க்க என் மகளுக்கு அத்தனை ஆசை. கண்ணை மறைக்கத் தலைமுடியும் இல்லை. அவள் தலையை உள்ளங்கையில் தாங்கி, அவன் வரும் பக்கம் திருப்பிப் பிடிக்கிறேன்.