கோபம் இறங்கும் மேசை

ஹமீட் முதலாளி துணிச் சுருளை ஓரமாக ஒதுக்கினார், மேசை லாச்சியை இழுத்துக் கத்தரிக்கோலை உள்ளே வைத்தார், பிறகு துணி வெட்டுகிற அந்த நீள மேசையிலேயே ஏறி மல்லாந்து படுத்துவிட்டார். எதிரே நின்ற பெண் கடையிலுள்ள திரைச்சீலைத் துணியையெல்லாம் விரிக்கவைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டில அவரிட்டக் கேட்டுட்டு வாறன்" என்று சொன்னவள். அவள் பயந்துபோனாள். பக்கத்தில் நின்ற பேர்ணடெற் பயப்படவில்லை. கொழும்பின் அந்தக் கோடியிலுள்ள கொட்டாஞ்சேனையிலிருந்து இந்தக் கோடி வெள்ளவத்தைக்கு வந்து, இந்தக் கடையில்தான் துணி எடுப்பேன் என்று நிற்கிறவள். "ஒண்டுமில்ல தங்கச்சி, முதலாளிக்குக் கோவம் வந்திட்டுது. கொஞ்சத்தில எழும்பிடுவார்" என்றாள்.

நிற்கும்போது கோபம் வந்தால் உட்கார வேண்டும், அப்படியும் அடங்காவிட்டால் படுத்துவிட வேண்டும் என்பது நபிகளார் காட்டிய வழி. சின்ன வயதிலேயே ஓதிய பாடந்தான். ஹமீட் அதைக் கையில் எடுத்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. எடுத்தவர் அரைகுறையாக எடுக்கவில்லை. காசு லாச்சிக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருக்கிறது. சின்னக் கோபமெல்லாம் அதோடு போய்விடும். பெரிய கோபத்துக்குத்தான் மேசை. ஆள் நல்ல கனம், அவர் ஏறும்போது மேசை ஒரு முனகல் முனகும். "சனீப நெத்த?" என்று பதறிப்போய்ச் சுகம் விசாரிக்கிற சிங்கள வாடிக்கையாளர்களுக்குப் படுத்தபடியே, "ஹொந்தய், ஹொந்தய்", நல்ல சுகந்தான் என்று கையசைப்பார்.

இறைவனுக்கு நன்றி சொல்வதிலும் அவருக்குக் கணக்கு வழக்குக் கிடையாது. காலி வீதியில் பஸ் சேற்றுத் தண்ணீரை வாரியடித்துவிட்டுப் போனால், "கண்ணுல படல்ல, அல்ஹம்துலில்லாஹ்" என்பார். சீனி போடாத தேநீருக்கும் ஒரு அல்ஹம்துலில்லாஹ். கரண்ட் போனால், "இவ்வளவு நேரம் ஈந்திச்சே" என்று அதற்கும் ஒன்று. பக்கத்துக் கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். அதில் வருகிற கோபம் பெரும்பாலும் நாற்காலியைத் தாண்டுவதில்லை.

அவரை இந்த வழிக்குத் துரத்தியது எந்தப் பிரசங்கமும் அல்ல, சொந்த வீடுதான். சாயந்தரம் வாசலில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால் உள்ளே சிரிப்பு நின்றுவிடும். மகள் ஸும்றா எழுந்து அறைக்குள் போய்விடுவாள். பல்வலியோ, புது வேலையோ, எதுவானாலும் மனைவி லுத்பியாவின் வாய் வழியாகத்தான் அவருக்கு வந்து சேரும். "மகள் செல்றா…" என்று லுத்பியா தொடங்கும்போதெல்லாம் அவர் மகளின் அறைக் கதவைப் பார்ப்பார். ஒரே கூரையின் கீழ் இருக்கிற பிள்ளை, வாப்பாவிடம் நேரே வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? தொழுது முடித்துக் கையேந்தும்போது அவர் கேட்டதெல்லாம் அது ஒன்றுதான்.

போன வியாழக்கிழமை பகல் ஸும்றா வேலைத்தலத்திலிருந்து நேரே கடைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கொம்பனித்தெருவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. முந்தின வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முற்றத்தில், நாலு பேர் பார்க்க, பையனின் தகப்பனுக்குக் கைகொடுத்து வாக்குக் கொடுத்திருந்தார் ஹமீட்.

"வாப்பா, அந்த மாப்பிள்ள எனக்கி வேணாம்" என்றாள் ஸும்றா. அதோடு நிறுத்தவில்லை. "அவங்கட ஊட்டுக்கு நானே போன் கோல் எடுத்துச் செல்லிட்டன்."

ஹமீட் உட்கார்ந்தார். காது மடல் இரண்டும் சிவந்துவிட்டன. நாற்காலி போதவில்லை. எழுந்துபோய், மேசையில் விரித்திருந்த துணியைக்கூட ஒதுக்காமல் அதன் மேலேயே படுத்தார். கொடுத்த வாக்கும், ஞாயிற்றுக்கிழமையும், ஊர் வாயும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தலைக்குள் வந்தன. என்ன முகத்தோடு இனி அந்த மனிதருக்கு சலாம் சொல்வது? தொண்டை வரை வந்த சத்தத்தை அவர் விழுங்கினார். உதடுகள் மட்டும் அசைந்தபடி இருந்தன.

ஸும்றா போகவில்லை. கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டு மேசையருகிலேயே நின்றாள். துணி பார்க்க வந்த இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு வரலாம் என்று திரும்பினார்கள்.

கண்ணைத் திறக்காமலே அவர் கேட்டார்: "உம்மாக்குத் தெரியுமா?"

"இல்ல வாப்பா. மொதல்ல ஒங்களுக்குத்தான் செல்றன்."

ஹமீட் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். அவருடைய அல்ஹம்துலில்லாஹ் இந்த முறை கடைக்குக் கேட்கவில்லை, அவளுக்கு மட்டும் கேட்டது. பிறகு, எவ்வளவு கனத்தாலும் மேசை விளிம்பைப் பிடித்துத் தானே எழுந்துகொள்கிற மனிதர், தன்னை எழுப்பிவிடச் சொல்லி மகளிடம் கையை நீட்டினார்.