நாற்றங்கால் நெல்

மணலூர்பேட்டைக்குப் பக்கத்து ஊரில் மாரியம்மன் கோயில் பூசாரி தெய்வசிகாமணி. அம்மன்மேல் அவரே பாட்டுக் கட்டிக் கோயிலிலும் கல்யாண வீடுகளிலும் பாடுவார். அதில் ஓர் அடி ஊரில் பழமொழியாகவே ஆகிவிட்டது: 'நாத்தங்கால்ல நெல்லு வெளையாது.' பெண்ணைக் கட்டிக்கொடுத்து அனுப்பும் வீடுகளில் யாராவது அதைச் சொல்லாமல் இருக்கமாட்டார்கள். கேட்கும்போது பூசாரிக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருக்கும்.

அந்த ஆடியில் அவர் மகள் கோகிலவாணி, கட்டிக்கொடுத்த ஊரான ரிஷிவந்தியத்திலிருந்து மாவுக்கட்டுப் போட்ட கையோடு வந்து இறங்கினாள். உடைத்தது புருஷன். "வழுக்கி வுழுந்துட்டா" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவைத்தாள் தாய் சாலம்மாள்.

ஒரு வாரம் பொறுத்து மாப்பிள்ளையின் பெரியப்பா ஆதிமூலம் வந்தார். "நீங்க பாடினதுதானே பூசாரி? நாத்தங்கால்ல நெல்லு வெளையுமா? திருவிழா முடிஞ்சதும் அனுப்பி வையுங்க."

தெய்வசிகாமணி சரி என்று தலையை ஆட்டினார். எதிரே நின்றிருந்த மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

ஆதிமூலம் போனதும் அவள் கேட்டாள்: "என்னய நெனச்சிக்கினாப்பா அத கட்டின?"

"இல்லம்மா. அம்மன நெனச்சிக்கினு கட்டினேன். என்னப் புடுங்கி உன் காலடியில நடுன்னு கேட்டேன். அடுத்த அடி அதான்."

"ஊருக்கு அது தெரியுமா?"



கூழ் ஊற்றும் அன்று உடுக்கையோடு மைக் முன் நின்ற தெய்வசிகாமணி, அந்த அடியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாடினார். பூசாரி மறந்துவிட்டார் என்று நினைத்தது கூட்டம். விட்ட அடியைப் பெண்களே எடுத்துக்கொடுத்து, கைதட்டித் திரும்பத் திரும்பப் பாடினார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள் சாலம்மாள். அவர் உடுக்கையைக் கீழே வைத்தார். பாட்டு நிற்கவில்லை.

மறுநாள் ஆதிமூலம் கார் எடுத்துவந்தார். சாலம்மாள் மகளின் துணிகளைப் பையில் அடைத்துக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி வாசற்படியில் குறுக்கே நின்றார்.

"அவ வரமாட்டா. நான் அனுப்பமாட்டேன்."

"நீங்க சொன்ன சொல்லு இன்னா ஆவறது?"

"என் சொல்லு பொய்யாவே இருந்துட்டுப் போவட்டும். போய் வாங்க."

அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் அவரைப் பாடக் கூப்பிடுவது குறைந்தது. பாட்டு மட்டும் குறையவில்லை. அவர் இல்லாமலே பாடினார்கள். சாலம்மாள் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. கட்டுப் பிரித்த பின் கோகிலவாணி திருக்கோவிலூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் நிறுத்தத்தில் யாரும் அவளோடு பேச்சுக் கொடுப்பதில்லை. பஸ் வரும்வரை அவள் ரோட்டையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.