நெற்கதிர் மேல் நின்ற பிள்ளைகள்

என் அம்மா நாற்பது வருடமாகத் தன் அண்ணன் வீட்டுக்குப் போகாததற்குக் காரணம் சீனா. சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. வயதுக்கு வந்த அன்று தாய்மாமன் சீர் இல்லாமல் மணையில் உட்கார்ந்தவள் நான்.

அப்பாவை நான் அய்யா என்றுதான் கூப்பிடுவேன். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்த் தண்ணீரில் நெல் போட்டவர். விவசாயச் சங்கத்தில் கொடி பிடித்தவர். தோழர் ஒருவர் கொடுத்த பழைய சீனப் பத்திரிகையிலிருந்து ஒரு படத்தை வெட்டி, கண்ணாடி போட்டு நடுவீட்டில் மாட்டியிருந்தார். முற்றிய நெற்கதிர்களின் மேல் பிள்ளைகள் ஏறி நின்று சிரிக்கிறார்கள். பொதுவுடைமை வந்த பிறகு அங்கே பயிர் அவ்வளவு அடர்த்தியாம். அதற்கு இடம் விட்டு எங்கள் சாமி படங்கள் அடுப்படிக்குப் போயின.

எனக்குக் காது குத்த அபிராமத்திலிருந்து மாமா வந்தார். எனக்கு மூன்று வயது. அம்மா சொல்லித்தான் தெரியும். பந்தியில் உட்கார்ந்தபடி மாமா படத்தைப் பார்த்தார். அவரும் நெல் போடுகிற சம்சாரி.

“மாப்ள, இம்புட்டு நெருக்கி நட்டா காத்து எங்கிட்டுப் போகும்? பயிரு அழுகிப்போகுமே. பொய்ப் படம். அந்தச் சனம் கஞ்சிக்கு இல்லாமச் செத்துச்சுன்னுல்ல சொல்றாக.”

“அமெரிக்காக்காரன் கட்டிவிட்ட கதைய என் வீட்டுல பேசாதீக மச்சான். எந்திரிங்க.”

மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அதோடு சரி. இரண்டு பேருக்கும் வறட்டுக் கௌரவம். அம்மாவை யாரும் கேட்கவில்லை.

போன வருடம் அய்யாவுக்குக் கண் அறவே மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசித்துக் காட்டுவேன். ஒருமுறை, அந்தப் படம் எடுத்த காலத்துச் சீனக் கிராமத்தில் வளர்ந்த ஒரு பெண் எழுதிய புத்தகம் கிடைத்தது. தொடக்கத்தில் அய்யாவுக்கு ஒரே சந்தோஷம். நிலமில்லாதவர்களுக்கு நிலம் கிடைத்தது, பெண்கள் எழுத்துப் படித்தார்கள், ஊரே ஒரு சமையற்கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. பிறகு வீட்டுச் சட்டிகளைக்கூட இரும்புக்காக உருக்கினார்கள். மேலிடத்துக்குப் பயந்த அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்கு கூட்டிச் சொல்ல, அரசாங்கம் அந்தக் கணக்குக்கு நெல்லை அள்ளிக்கொண்டு போனது. சமையற்கூடம் மூடியது. வீட்டில் கஞ்சி காய்ச்சச் சட்டியும் இல்லை, நெல்லும் இல்லை. அந்தப் பக்கங்களை மட்டும் நான் தாண்டிவிட்டேன்.

“தாயி, தாள ஏன் கத்தையாத் திருப்புற? கண்ணுதான் போச்சு, காது இருக்கு.”

மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் வாசித்தேன். எழுதியவரின் தம்பி பசியில் செத்ததை வாசித்தேன். அந்தப் படமும் வந்தது. பல வயல்களில் விளைந்த நெல்லைப் பிடுங்கி வந்து ஒரே வயலில் திணித்து, பிள்ளைகள் நிற்க அடியில் பெஞ்சு போட்டு எடுத்தார்களாம்.

அய்யா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

“மாட்டுன அன்னைக்கே தெரியும் தாயி. நானும் நெல்லு நட்டவன்தான?”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “பெறகு எதுக்கு மாமாவ எந்திரிக்கச் சொன்னீக?”

“நம்ம பக்கம் அப்ப மழையே இல்ல. அங்கனயாச்சும் வெளஞ்சிருக்கட்டும்னு நெனச்சேன்.”

அய்யா அடுப்படிப் பக்கம் திரும்பி, “இந்தா, நாளைக்கு உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு வருவோம்” என்றார். அம்மா எட்டிப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து ஒரு சேலையை எடுத்து வெளியே வைத்தாள்.

மறுநாள் பரமக்குடியில் பஸ் மாறி அபிராமத்தில் இறங்கினோம். மாமா பழைய வீட்டை விற்று வேறு தெருவில் கட்டிக்கொண்டு போனதாகக் கேள்வி. அம்மா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். என் தோளைப் பிடித்தபடி அய்யா நின்றார். அம்மா அங்கிருந்த ஒரு பூக்காரம்மாவிடம் போய், அண்ணன் பெயரைச் சொல்லி வழி கேட்டாள்.

“ஊருக்குப் புதுசா, ஆத்தா?” என்றார் பூக்காரம்மா.

பிறந்த ஊரில் நின்றுகொண்டு அம்மா, “ஆமா” என்றாள்.