வால்புர்கா தன் பெயரைக் கோத்த கதை

பாம்பர்க்கில் நடக்கிற கல்யாணங்களில் பாதி வால்புர்காவின் கைவேலை என்று ஊரில் கேலி செய்வார்கள். பதினோரு வருடமாக அச்சகத்தில் ஈய எழுத்துகளைப் பொறுக்கிப் பொறுக்கி, ஊரார் பெயரையெல்லாம் பழைய ஜெர்மன் எழுத்தில் அழைப்பிதழாகக் கோத்தவள். 1926-ல், முப்பது வயதில், அவளுக்கும் ஒரு கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை எண்ட்ரஸ், பீர் காய்ச்சும் ஹோப்ஃப் வீட்டுப் பிள்ளை, தங்கமானவன். வில்லங்கமெல்லாம் அவன் அப்பா வெண்டலின்தான்.

“பேரெல்லாம் முழுக்க கேப்பிடல் எழுத்துல வரணும்,” என்றார் அவர். “பேங்க் வாசல்ல போட்டிருக்கான் பாரு, அது மாதிரி கம்பீரமா.”

“அது வேற எழுத்து மாமா, லத்தீன் எழுத்து. நம்ம கேப்பிடல் ஒவ்வொண்ணும் கொம்பும் வாலுமா நிக்கும். பேருக்கு முன்னாடி ஒண்ணு நின்னாத்தான் அழகு. எல்லாத்தையும் வரிசையா நிறுத்தினா ஒருத்தருக்கும் படிக்க வராது.”

“எனக்கு வரும். நீ கோத்துக் கொண்டா.”

அச்சுத் தொழிலில் நேற்றுச் சேர்ந்தவன்கூடச் செய்யாத காரியம் அது. வால்புர்காவுக்கு அழுகை முட்டியது. ஊரார் பெயரையெல்லாம் பளிச்சென்று படிக்க வைத்தவள், தன் கல்யாணக் கார்டில் மட்டும் முள்வேலியாக நிற்பதா? எதிர்த்துப் பேசினாலோ, அந்த வீட்டுக்குள் புகுமுன்னே மாமனாரோடு சண்டை.

“கொஞ்சம் பொறுத்துக்கயேன்,” என்று கெஞ்சினான் எண்ட்ரஸ்.

“உங்கப்பாவுக்கு மட்டும்தான் பேரு இருக்கா? எனக்கும் ஒண்ணு இருக்கு,” என்றாள்.

சனிக்கிழமை, சரிபார்க்க எடுத்த அச்சுப் புரூஃபைக் கொண்டுபோய் நீட்டினாள். மூன்று வரி, முழுக்க கேப்பிடல். வெண்டலின் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். “அடேங்கப்பா. இதுல்ல கார்டு.” வழக்கப்படி ‘சரி, அச்சடிக்கலாம்’ என்று கீழே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

ஞாயிறு பூசை முடிந்ததும், தன் மதுக்கூடத்தில் எப்போதும் உட்காரும் மேசையில் கூட்டாளிகளிடம் அதைச் சுற்றுக்கு விட்டார். கோயிலில் ஆர்கன் வாசிப்பவர் தலையாட்டினார். கசாப்புக்காரர் “பிரமாதம்” என்றார். படிக்க வரவில்லை என்று சொல்ல ஒருவருக்கும் தைரியம் இல்லை.

அங்கே வந்திருந்த வால்புர்கா, அதே மேசையில் இருந்த பாதிரியாரிடம் இன்னொரு தாளைக் கொடுத்தாள். “அதே வாசகம்தான் ஃபாதர். எப்பவும் கோக்கிற மாதிரி கோத்திருக்கேன். சத்தமா படிங்க.”

அவர் படித்தார்: “இன்று இந்தக் கூடத்தில் குடிக்கும் பீர் அனைத்தும் வெண்டலின் ஹோப்ஃப் உபயம்.”

அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டோமோ என்று வால்புர்கா பயந்தாள். வெண்டலின் முதல் தாளை இழுத்து, விரல் வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினார். விரல் ‘பீர்’ என்ற இடத்தில் நின்றது. கீழே அவருடைய கையெழுத்து. முதலில் அவர் தொப்பைதான் குலுங்கியது. அப்புறம்தான் சிரிப்புச் சத்தம் வந்தது.

“கையெழுத்துப் போட்டாச்சு, இனி என்ன. குடிங்கடா,” என்றார். “கெட்டிக்காரிதான் நம்ம வீட்டுக்கு வர்றா.”

பீப்பாய் திறந்தார்கள். வெண்டலின் கோப்பையும் கையுமாக அவளிடம் வந்தார். “சரி புள்ள, கம்பீரத்துக்கு என்ன வழி? அதச் சொல்லு.”

“எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் இடம் விட்டுக் கோக்கணும் மாமா. நம்ம எழுத்துல அதுதான் மரியாதை.”

“அப்ப என் பேரை அப்படிப் போடு.” மீசையில் இருந்த நுரையைத் துடைத்துக்கொண்டார். “உன் பேரையும் அப்படியே போடு. அதுவும் நல்லா கை காலை நீட்டி உக்காரட்டும்.”

திங்கட்கிழமை காலை, வால்புர்கா தன் பெயரின் ஒவ்வோர் எழுத்துக்கும் நடுவில் மெல்லிய ஈயத் துண்டு ஒன்றைச் செருகினாள். கண்ணைத் துடைக்கத் துடைக்க விரல் மை கன்னமெல்லாம் அப்பியது. அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.