இலையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்

சீரியலிலும் சினிமாவிலும் நீங்கள் நாக்கில் எச்சில் ஊறப் பார்க்கும் விருந்தை யாரும் சாப்பிடுவதில்லை. அந்தச் சோற்றை ஆக்கி, அடுக்கி, காவல் காப்பதுதான் என் பிழைப்பு. காலையில் எழுந்து மாங்கு மாங்கென்று சமைத்து முடித்த பிறகு, "மதியம் வெளியில சாப்பிட்டுக்கறேன்" என்று வீட்டுக்காரரிடமிருந்து போன் வந்தால் உங்களுக்கு வயிறு எரியுமா எரியாதா? எனக்கு அந்த எரிச்சல் பதினோரு வருஷமாக இருக்கிறது. அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஃபினாயில்

முன்பெல்லாம் சேலத்தில் எங்கள் மாதா கோயில் பங்கில் கல்யாணமோ, பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மையோ, எது நடந்தாலும் சமையல் நான்தான். முட்டி தேய்ந்து, பெரிய அண்டாவோடு மல்லுக்கட்ட முடியாமல் போனபோது ஷூட்டிங் வேலை வந்தது. நாற்பது பேருக்கு மேல் ஆக்க வேண்டி வராது என்றார்கள். சந்தோஷமாகப் போனேன்.

முதல் நாள் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பெரிய வீடு. சீரியலுக்கு நிச்சயதார்த்த விருந்து சீன். மட்டன் பிரியாணியை நெய் மணக்க இறக்கி, மேசையில் அலங்காரமாக வைத்தேன். குமரவேல் வந்தார். திருச்செங்கோட்டுக்காரர்; செட்டில் நாற்காலியிலிருந்து சாமி படம் வரைக்கும் எல்லாப் பொருளுக்கும் அவர் பொறுப்பு. என்னைவிடச் சின்னவர், ஆனால் என்னை வேலைக்கு வைத்தவர். கையிலிருந்த ஸ்ப்ரே பாட்டிலால் பிரியாணி மேல் சரசரவென்று அடித்தார். வாசனை வந்ததும்தான் தெரிந்தது, ஃபினாயில்! யாராவது ஒரு வாய் எடுத்துவிட்டால் அடுத்த ஷாட்டில் தட்டு வேறு மாதிரி தெரியுமாம். அதனால் யாரும் தொட முடியாதபடி செய்துவிடுவது அவர் வழக்கமாம். நடிகர் நிஜமாகச் சாப்பிட வேண்டிய தட்டு மட்டும் தனியாக இருக்கும்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாயங்காலம் பின்பக்கம் கொட்டியதை மோந்து பார்த்த தெருநாய்கூடத் தும்மிவிட்டுப் போனது. "இனிமே ஃபினாயில் வேண்டாம் தம்பி. நானே பக்கத்துல நின்னு காவல் காக்கறேன். ஷாட் முடிஞ்சதும் யாராவது சாப்பிடட்டும்" என்று கெஞ்சினேன். ஒரு பருக்கை குறைந்தாலும் வேலை போய்விடும் என்ற மிரட்டலோடு ஒத்துக்கொண்டார். நான் எதற்கு அழுதேன் என்பது மட்டும் அவருக்குப் புரியவே இல்லை.

"மேரியக்கா, இது சோறு இல்லீங்க, ப்ராப்பர்ட்டி. ஒரு நாற்காலி ஒடஞ்சு போச்சுன்னு யாராச்சும் அழுவாங்களா?"

எட்டு வடை

கெங்கவல்லியில் ஒரு சினிமா. டீக்கடை சீன். கண்ணாடிப் பெட்டிக்கு மேல் ஒரு தட்டு, தட்டில் எட்டு உளுந்து வடை. பாதி சீன் எடுத்துவிட்டு மீதியைச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுப்பதாகச் சொன்னார்கள். நான் பாத்ரூம் போய்விட்டு வந்த ஐந்து நிமிஷத்தில் வடை ஏழாகிவிட்டது. பக்கத்தில் நின்ற லைட்மேன்களை ஒவ்வொருவராக முறைத்தேன். பாவம், அவர்கள் ஒன்றும் அறியாதவர்கள்.

நல்லவேளையாக என் பையில் நாலு வடை உபரியாக ஒளித்து வைத்திருந்தேன். ஒன்றை எடுத்து இடத்தை நிரப்பிவிட்டு, மாதாவுக்கு நன்றி சொல்லித் திரும்பினால், குமரவேல் வாயைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்! பருக்கை குறைந்தால் வேலை போய்விடும் என்ற அதே மனிதர். நியாயமா இது என்று கேட்டேன்.

"நீங்க ஃபினாயில் அடிச்சிருந்தா நான் ஏனுங்க தொடப் போறேன்? தப்பு உங்க மேலதானுங்கக்கா."

மாமியார் விசிறிய தட்டு

எல்லாச் சீரியலிலும் வாரத்துக்கு ஒரு தடவையாவது மாமியார் சாப்பாட்டுத் தட்டை விசிறி அடிப்பார். நீங்கள் ஒரு தடவைதான் பார்ப்பீர்கள். நான் பார்ப்பது ஒன்பது தடவை. தட்டு கேமராவைத் தாண்டிப் போய்விட்டது, மருமகள் சீக்கிரமாக அழுதுவிட்டார், இப்படி ஏதாவது காரணம் இருக்கும். ஒன்பது தட்டு உப்புமா தரையில் கிடக்கும்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வேலை செய்தேன். நம் ஊர் ஜவ்வரிசி மில்லில் மரவள்ளிக்கிழங்கை அரைத்துப் பால் எடுத்த பிறகு திப்பி என்று ஒரு சக்கை மிஞ்சும், மாட்டுக்குப் போடுவார்களே, அதை ஒரு மூட்டை வாங்கினேன். மஞ்சள் தூள் போட்டு வேகவைத்து, கடுகு கறிவேப்பிலை தாளித்துக் கொட்டினால், கேமராவுக்கு அது ரவா உப்புமாதான். தரையில் விழுந்ததை வாரிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தொழுவத்தில் போட்டால் மாடு ஆசையாகத் தின்றது. எல்லாம் நன்றாகத்தான் போனது. ஒரு நாள் மாமியாராக நடிப்பவர் கோபத்தின் உச்சத்தில், யாரும் சொல்லாமலே, ஒரு வாய் அள்ளிப் போட்டு மென்றுவிட்டுத் தட்டை விசிறினார். நான் சிலுவை போட்டுக்கொண்டேன். கட் சொன்னதும் அந்தம்மா நேராக என்னிடம் வந்தார்.

"உப்பே இல்லக்கா. ஆனா எங்க வீட்ல மருமக கிண்டற உப்புமாவுக்கு இது எவ்வளவோ தேவலை."

சேந்தமங்கலத்துப் பந்தி

போன வருஷம் ஒரு டிவிக்குக் குறும்படம். 'உணவை வீணாக்காதீர்கள்' என்பதுதான் கதையே. சேந்தமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம். சுற்று வட்டாரத்திலிருந்து நூற்றைம்பது பேர் விருந்தாளிகளாக நடிக்க வந்திருந்தார்கள். அவர்கள் சாப்பிட்டு எழுந்து போனதும், பாதிச் சோறு மிஞ்சிக் கிடக்கிற இலைகள் மேல் கேமரா வரிசையாகப் போக வேண்டும். டைரக்டர் கண்ணாடி போட்ட சின்னப் பையன், நல்ல பையன். ஆனால் நூற்றைம்பது இலைக்கு நான் ஒருத்தி காவல் போதாதென்று குமரவேல் ஒரு கேன் நிறைய ஃபினாயிலோடு வந்திருந்தார். எத்தனை டேக் போகுமோ, எல்லாரும் சாப்பிடுகிற மாதிரி சும்மா கையை அசைத்தால் போதும் என்றார்.

விடியற்காலையில் கிளம்பி, வெறும் டீயோடு உட்கார்ந்திருந்த ஜனங்கள் அவர்கள். உதவிக்கு ஆள் வைத்து நான் ஆக்கிய சாம்பார் மணம் வேறு சமையல் கட்டிலிருந்து வந்துகொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஒரே டேக் போதும் தம்பி. நெசமாவே சாப்பிடட்டும், எந்திரிக்கும்போது மிச்சம் வெக்கச் சொன்னா வெச்சுட்டுப் போறாங்க" என்று டைரக்டரிடமே கேட்டுவிட்டேன். அவர் சரி என்றார். குமரவேல் மட்டும் என் காதருகில் வந்து, ஷாட் கெட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

பந்தி நடந்தது. சாம்பார், ரசம், பாயசம், மோர். "இலையில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்" என்று டைரக்டர் மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாரும் தலையாட்டினார்கள். எழுந்து போனதும் பார்த்தால், நூற்றைம்பது இலையும் கழுவி வைத்த மாதிரி இருக்கிறது! ஒரு கறிவேப்பிலை மிச்சமில்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மாவிடம் டைரக்டர் போய், ஏன் மிச்சம் வைக்கவில்லை என்று அழாத குறையாகக் கேட்டார். "ஏஞ்சாமி, எலைல சோத்த உட்டுட்டு எந்திரிக்க மனசு வருமா? வேணும்னா இன்னொருக்காப் போடுங்க சாமி, மறுக்காவும் தின்னு காட்டறோம்" என்றார் அந்த அம்மா.

இன்னொரு தடவை போடச் சோறு ஏது? பாத்திரமெல்லாம் காலி. குமரவேல் என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: வந்த வேனிலேயே மறுநாள் சீரியலுக்கு வேகவைத்த திப்பி இரண்டு அண்டா இருக்கிறது! ஓர் அண்டாவில் மஞ்சள் போட்டிருந்ததைச் சாம்பார் சாதமாகவும், மற்றதில் இன்னும் போடாமல் வைத்திருந்ததைத் தயிர் சாதமாகவும் இலை இலையாகப் பரப்பி, அங்கங்கே கையால் கலைத்துவிட்டேன். கேமரா வரிசையாகப் போனது. மானிட்டரைப் பார்த்த டைரக்டர், ஐயோ எவ்வளவு சோறு என்று உச்சுக் கொட்டினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஷாட் முடிந்ததும் இலையோடு சேர்த்து ஊர் மாடுகளுக்கு விருந்து நடந்தது. குமரவேல் திறக்காத கேனோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"நாளைக்கு ஏழு மணிக்கெல்லாம் வந்துருங்கக்கா. அதுக்கு முன்னால இந்தக் கேனை என்ன பண்றதுன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

மண்டபத்துக் கழிப்பறையைக் கைகாட்டினேன். என் பதினோரு வருஷத் தொழிலில் ஃபினாயில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஒரு நாள்தான்.