மாத்தளை அம்மாவின் ஸ்டேட்டஸ்

அரச அலுவலகம் ஒன்றுக்குக் கடிதம் வந்தால், அது கிடைத்ததை அனுப்பியவருக்கு அறிவிக்க வேண்டும். முடிவான பதில் தாமதமாகும் என்றால், இடைக்காலப் பதில் ஒன்றாவது போக வேண்டும். இந்த விதியைப் பின்பற்றியவர்களையும் கண்டிருக்கிறேன், இப்படியொரு விதி இருப்பதே தெரியாமல் ஓய்வூதியம் வரை போய்ச் சேர்ந்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் கடிதமே எழுதாமல் பதிலுக்குக் காத்திருந்தவர்களை எங்கள் மேல்வீட்டில்தான் முதன்முறையாகப் பார்த்தேன்.

மேல்வீட்டில் இருப்பவர் தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வுபெற்ற மாஸ்டர். அவரும் மனைவியும் ஒரே மகளும் கண்டிக்கு வந்து பல வருடங்களாகின்றன. மகள் பேராதனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். தீபாவளி முடிந்த கையோடு மாத்தளையிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். விறைப்பாக உட்காரத் தெரிந்தவன் என்ற தகுதியில் என்னையும் ஒரு கதிரையில் இருத்தியிருந்தார்கள்.

மாப்பிள்ளை நில அளவையாளர். அதிகம் பேசவில்லை. கரண்ட் போனால் ஆய்வுகூடத்தில் இருக்கும் இரத்த மாதிரிகளுக்கு என்ன ஆகும் என்று மட்டும் அவளிடம் கேட்டார். அவள் தேத்தண்ணி ஆறும் வரை விளக்கினாள். அதற்கு முன் வந்தவர்கள் எல்லாரும் சமைக்கத் தெரியுமா என்று கேட்டவர்கள். அன்று மாலை தாய் அபிப்பிராயம் கேட்டபோது அவள் சொன்னது "பரவால்ல" என்ற ஒற்றைச் சொல். அவள் வாயில் அது மிகப் பெரிய பாராட்டு என்று மாஸ்டர் எனக்கு விளக்கினார்.

போகும்போது மாப்பிள்ளையின் அம்மா "பேசிக்குவோம்" என்றார். மாஸ்டரும் "அதுக்கென்ன, பேசிக்குவோம்" என்றார். இரண்டு அம்மாமாரும் போன் நம்பர்களை மாற்றிக்கொண்டார்கள். யார் பேசுவது, எப்போது பேசுவது என்று கூட்டக்குறிப்பு எழுத ஒருவரும் இல்லை. இரவு மாஸ்டர் "சுகமாக வீடு சேர்ந்தீர்களா?" என்று ஒரு மெசேஜ் அனுப்பினார். மாத்தளையிலிருந்து கூப்பிய கைகள் இரண்டு வந்தன. இரு வீட்டாருக்கும் இடையிலான உத்தியோகபூர்வ கடிதப் போக்குவரத்து அத்துடன் முடிவுற்றது.

அதன் பிறகு ஸ்டேட்டஸ் தொடங்கியது.

மாத்தளை அம்மா தினமும் விடியற்காலையில் தம் போனின் மெசேஜ் செயலியில், தெரிந்தவர்கள் எல்லாரும் பார்க்கும்படி ஒரு படம் ஏற்றுவார். மாஸ்டரின் மனைவி அதைத் திறந்து பார்த்துவிட்டு, படித்த மனிதன் என்று என்னிடம் கொண்டு வருவார்.

"சேர், இன்னைக்கு ரோசாப்பூ. நல்ல சகுனந்தானே?"

"நேத்தும் ரோசாப்பூதானே தங்கச்சி?"

"நேத்து மஞ்ச ரோசா. இன்னைக்குச் செவப்பு."

சிவப்பு ரோஜா வந்த நாளில் எனக்குக் கேசரி கிடைத்தது. மறுநாள் சூரியன் மறையும் படம் வந்தது, அடியில் "பொறுமை வேண்டும்" என்றிருந்தது. கேசரி நின்றது. பிறகொரு ஞாயிற்றுக்கிழமை, பெரிய சட்டி நிறையப் பலாக்காய்க் கறி.

"இதுக்கு என்ன சேர் அர்த்தம்?"

"பலாக்காய் சமைச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

"உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு."

உண்மையைச் சொன்னால், காலையில் படியில் அவருடைய செருப்புச் சத்தம் கேட்கப் பிந்தினால் எனக்கே இருப்புக் கொள்ளாது. வேலையிலிருந்த காலத்தில் அமைச்சின் சுற்றுநிருபங்களைக்கூட நான் இவ்வளவு ஆவலாக எதிர்பார்த்ததில்லை.

இதற்கிடையில் மகளுக்கு இடமாற்றக் கடிதம் வந்தது. ஜனவரி முதல் வவுனியா. ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்கு முன் மேன்முறையீடு செய்யலாம். கண்டிப் பக்கம் திருமணம் நிச்சயமாகியிருப்பது ஏற்றுக்கொள்ளக்கூடிய காரணம் என்பதை நான்தான் எடுத்துச் சொன்னேன். அது காரணமா இல்லையா என்பது மாத்தளையில் இருந்தது. ரோஜாவை இணைப்பாக வைத்து மேன்முறையீடு எழுத முடியாது.

"மாஸ்டர், நேரா கேட்டுருங்க" என்றேன்.

"அது எப்படிங்க சேர்? பொண்ணு வீட்டுக்காரங்க நாங்களா போய்க் கேட்டா, எறங்கிப் போன மாதிரி ஆயிராதுங்களா? மொதல்ல அவங்கதானே சொல்லணும்?"

அவர் மனைவி தமக்குத் தெரிந்த வழியில் கேட்டார். தம் ஸ்டேட்டஸில் வேலோடு நிற்கும் முருகன் படத்தைப் போட்டு, "இனி எல்லாம் உன் பொறுப்பு" என்று எழுதினார். மாத்தளை அம்மா அதைப் பார்த்திருக்கிறார் என்பதைப் போனே காட்டியது. பார்த்தவர் அடுத்த நாள் எதுவும் போடவில்லை. பூக்கூட இல்லை.

வியாழக்கிழமை நான் மாத்தளைக்கு அனுப்ப ஒரு கடிதம் வரைந்து கொடுத்தேன். விடயம், மேற்கோள், கோரிக்கை, தயவுடன் பதில் தருமாறு கேட்டல், எல்லாம் முறைப்படி. மகள் அதை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

"சேர், இதுக்குப் பதில் எழுத அவங்க ஒரு கமிட்டி போடணும்."

"அப்ப நீயே எழுது, பாப்பம்."

மாப்பிள்ளையின் நம்பர் ஜாதகப் பிரதியின் பின்பக்கத்தில் இருந்தது. அவள் நின்றபடியே தட்டினாள்: "என்னை வவுனியாவுக்கு மாத்தியிருக்காங்க. நாளைக்குள்ள மேன்முறையீடு போடணும். போடவா, வேணாமா?" அனுப்பிவிட்டு என்னிடம் காட்டினாள். நிர்வாக சேவையில் இப்படிச் சுருக்கமாக எழுதத் தெரிந்த ஒருவரோடு எனக்கு வேலை செய்யக் கிடைத்ததில்லை.

மெசேஜின் கீழ் ஒரேயொரு சரிக்குறி விழுந்தது. போய்ச் சேர்ந்ததற்கான இரண்டாவது சரிக்குறி விழவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானமும் விழவில்லை.

"கோல் எடுத்துப் பாரேன்" என்றேன்.

"எடுத்து? 'வேணாம்'னு ஒருத்தர் வாயால சொல்றத காதால கேக்கணுமா சேர்?"

அவள் மேன்முறையீடும் போடவில்லை. "கல்யாணம்னு எழுதிக் குடுத்துட்டு, அது இல்லைன்னா ஆஸ்பத்திரில எந்த மூஞ்சிய காட்டுறது?" என்றாள். மாத்தளைக்குக் கண்டியிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம். அந்த பஸ்ஸில் ஏறலாம் என்ற யோசனை எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

புதுவருடத்தன்று அவள் வவுனியாவுக்குப் புறப்பட்டாள். மாஸ்டரின் மனைவி பஸ்ஸைப் படம் பிடித்து, அழும் முகங்கள் மூன்றோடு, "மகள் வவுனியாவுக்கு" என்று ஸ்டேட்டஸ் போட்டார். நாங்கள் நிலையத்திலிருந்து வீடு திரும்புவதற்குள் அவருடைய போன் அடித்தது. மாத்தளை அம்மா. பெண் பார்த்துப் போன பின் இரு வீட்டாரும் குரலால் பேசியது அதுவே முதல் தடவை. முச்சக்கர வண்டிச் சத்தத்தில் காது கேட்காமல் இவர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"வேணாம்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாந்தானேங்க? இப்படியா, பிள்ளைய ஊர விட்டே அனுப்புறது?"

"நாங்க எங்கங்க வேணாம்னோம்? நீங்கதானே ஒண்ணுமே சொல்லல!"

"எங்க பக்கத்து வழக்கம், புடிச்சிருந்தா பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ள வீடு பாக்க வரணும். ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம சமைச்சு வச்சுக்கிட்டுப் பாத்துட்டு இருந்தோம். பலாக்காய்க்கறிய படம் புடிச்சுக்கூட போட்டேன், பாத்தாவது வருவீங்கன்னு. நீங்க என்னடான்னா, 'இனி எல்லாம் உன் பொறுப்பு'ன்னு சாமி மேல பாரத்தப் போட்டுக் கையக் கழுவிட்டீங்க."

மாஸ்டரின் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன்.

மாப்பிள்ளையின் மௌனத்துக்கும் காரணம் அப்போதுதான் தெரிந்தது. அம்மா தினமும் அவருக்கும் அவர் அலுவலக நண்பர்களுக்கும் அனுப்பிய பூக்களைத் தாங்க முடியாமல், தீபாவளிக்குப் பிறகு அந்தச் செயலியையே போனிலிருந்து அழித்திருந்தாராம். "பூ அனுப்புறது ஒரு குத்தமாங்க?" என்று மாத்தளை அம்மா எங்களிடம் நியாயம் கேட்டார். குற்றமில்லை என்று மாஸ்டர் அவசரமாகத் தீர்ப்புச் சொன்னார்.

மாப்பிள்ளை அப்போது தெல்தெனியப் பக்கம் காணி அளந்துகொண்டிருந்தார். பொங்கலுக்கு வீடு வந்தவரிடம் அம்மா நடந்ததைச் சொல்ல, அவர் செயலியை மறுபடியும் ஏற்றியிருக்கிறார்.

மகள் அவருடைய பதிலை வவுனியாவிலிருந்து எனக்கு அப்படியே அனுப்பிவைத்தாள். "இப்பதான் பாத்தேன், மன்னிச்சிருங்க. மேன்முறையீடு போடாட்டிப் பரவால்ல. வவுனியாவுலயும் அளக்கக் காணி இருக்குத்தானே. நானும் மாற்றம் கேக்கவா, வேணாமா?"

அது வந்தது தைப்பொங்கலுக்கு மறுநாள்; தை பிறந்தது, வழி பிறக்க ஒரு நாள் பிந்தியது.