ஆள் கூலி: பூஜ்யம்

ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திறந்து பார்த்துவிட்டு நீங்கள் எப்போதாவது கூசிப் போயிருக்கிறீர்களா? நான் போயிருக்கிறேன். போன வாரம் பழைய சிடிகளை உருட்டியபோது அகப்பட்டது. மூன்று சர்வர், மூன்று விலை, கீழே மஞ்சள் அடித்த மொத்தம். போட்டது நான்தான். போட்ட அன்றைக்கு நான் பெரிய ஆள் என்று எனக்கு நினைப்பு.

ஏனாத்தூர்ப் பக்கம் இன்ஜினியரிங் படித்தபோது நானும் என் வகுப்பு நண்பன் ஒருவனும் ஒரு வெப்சைட் நடத்தினோம். பழைய பரீட்சைக் கேள்விகள், அவற்றுக்கு விடைகள். அவ்வளவுதான். அத்தனையையும் டைப் அடித்துக் கொடுத்தது என் அக்கா. முதலில் எங்கள் வகுப்பு மட்டும் பார்த்தது, பிறகு காலேஜ், பிறகு பேர் தெரியாத ஊரிலிருந்தெல்லாம் அரியர் கோஷ்டி வந்து குவிந்தது. மலிவான ஹோஸ்டிங் அது. கூட்டம் தாங்காமல் ஒரு பரீட்சைக்கு முந்தின நாள் ஹோஸ்டிங்காரன் எங்களைத் தூக்கி வெளியே போட்டுவிட்டான். சொந்தமாக ஒரு சர்வர் பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

நண்பனின் அப்பாவுக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் இரும்புச் சாமான் கடை. அவர் தொழுகைக்குப் போகிற நேரத்தில் கல்லாவில் இவன் உட்காருவான். அங்கேதான் பிரிண்ட் அவுட்டை விரித்தேன்.

"பாத்துக்கோ. ஒண்ணு, அமெரிக்காவுல வாடகை சர்வர். மாசம் நூத்தி இருபது டாலர். ரெண்டு, நம்ம மெஷின மெட்ராஸ் டேட்டா சென்டர்ல வெக்கறது. கம்பெனி மெஷின்தான் வேணுன்றான், எழுபதாயிரம். மாச வாடகை தனி. மூணு, ரிச்சி ஸ்ட்ரீட்ல அசெம்பிள் பண்ணி எங்க வூட்ல வெச்சிக்கறது. இருபத்தி மூணாயிரம். எல்லாம் வெறும் எழுத்துதான, வூட்டு பிராட்பேண்டே தாங்கும்."

"வாடகை?"

"வூடு நம்மளுதுதான. பூஜ்யம்."

"கரண்ட் பில்லு?"

"எங்கப்பா கட்டிக்கினுதான இருக்காரு."

"சரி, கரண்ட் போச்சு, இல்ல மெஷின் தொங்கிக்கிச்சி. நீயும் நானும் காலேஜ்ல இருப்போம். யாரு போயி திருப்பி ஏத்துவாங்க?"

"அக்கா வூட்லதான இருக்குது."

அவன் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தான். "மூட்ட எறக்கறவருக்கே நாங்க கூலி எழுதறோம்பா. ஆள் கூலின்னு ஒரு வரி போடு."

"உனுக்கு எல்லாமே ஆணி மூட்டடா. இது டெக்னாலஜி."

"போடுடா, டெக்னாலஜி."

அவன் வாயை அடைக்க அந்த வரியைச் சேர்த்தேன். எதிரே பூஜ்யம் போட்டேன். மூன்றாவது மெஷின் ஜெயித்தது.

சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், பீரோவுக்குப் பக்கத்தில் அது உட்கார்ந்தது. தொங்கினால் பட்டனை அமுக்கி எப்படித் திருப்பி ஏற்றுவது என்று அக்காவுக்கு ஐந்து நிமிஷம் சொல்லிக் கொடுத்தேன். அவள் பி.எஸ்ஸி. கணக்கு முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு மாதத்தில் அந்த மெஷின் எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

"டேய், சும்மா சும்மா தொங்கல அது. நெறைய பேரு ஒண்ணா தேடறப்போதான் தொங்குது. மெமரி ஒண்ணு கூட போட்டா தொங்கறது நின்னுக்கும்."

"நீ பட்டன மட்டும் அமுக்கு, போதும்."

இப்படித்தான் பேசினேன். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

டிசம்பரில் அவளுக்கு ஒரு கடிதம் வந்தது. பக்கத்துக் காலேஜ் ஒன்றில் கம்ப்யூட்டர் லேப் அசிஸ்டென்ட் வேலை. காலை பத்து மணிக்கு நேர்முகம். செய்முறைக் கேள்வி கேட்பார்கள் என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். சர்வர் பற்றிக் கேட்டால் வெளுத்து வாங்கிவிடலாம் என்றாள். அதே நாள் பிற்பகல்தான் எங்களுக்குக் கணக்குப் பரீட்சை. பாதிப் பேர் அரியர் வைக்கிற பேப்பர். அன்று காலை சைட்டில் திருவிழாக் கூட்டம் இருக்கும்.

எட்டரை மணிக்கு அவள் சர்ட்டிபிகேட் ஃபைலோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டு போயேன். இன்னிக்கி விழுந்தா மானம் போயிடும்."

"பத்து மணின்னு போட்டிருக்குதுடா."

"ஒனக்கு முன்னாடி நாப்பது பேர் இருப்பாங்க. லேட்டாதான் கூப்புடுவாங்க."

அம்மா உள்ளேயிருந்து, "அது போவட்டும்பா, நான் பாத்துக்கறேன்" என்றாள். "உனக்கு மானிட்டர் ஆன் பண்ணவே தெரியாதும்மா" என்றேன். அக்கா ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு செருப்பைக் கழற்றினாள்.

எனக்குப் பரீட்சை இரண்டு மணிக்குத்தான். நானே வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். குரூப் ஸ்டடி என்று ஹாஸ்டலுக்குக் கிளம்பிவிட்டேன். அதுவும் பொய். பசங்க எங்கள் சைட்டைத் திறந்து வைத்துப் படிப்பதைப் பின்னால் நின்று பார்க்க எனக்கு ஆசை. பார்த்தேன். தோளில் தட்டினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவள் ஃபைலைப் பீரோவில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்டர்வியூ?"

"பன்னண்டுக்குப் போய் சேந்தேன். முடிஞ்சிடுச்சி மா, நாளைக்கு லிஸ்ட் ஒட்டிடுவோம்னாங்க." பீரோவைச் சாத்தினாள். "நாலு தபா தொங்கிச்சி. நாலு தபாவும் ஏத்திட்டேன். எத்தினி பேர் வந்தாங்க?"

எண்ணிக்கையைச் சொன்னேன். பெருமையாகவே சொன்னேன்.

"பரவால்லயே" என்று சொல்லிவிட்டுத் துணி எடுக்க மாடிக்குப் போனாள்.

நண்பனிடம் இதை நான் ஏதோ வேடிக்கை மாதிரி சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் மெட்ராஸ் போய் ஒரு மெமரி வாங்கி வந்தான். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். என்னிடம் தராமல், "நீங்களே போடுங்க அக்கா" என்று அவள் கையில் கொடுத்தான். அவளே திறந்து, அவளே போட்டாள். அதற்கப்புறம் மெஷின் தொங்கவே இல்லை.

அந்த லேப் வேலையின் சம்பளமும் அமெரிக்க சர்வரின் மாத வாடகையும் ஏறக்குறைய ஒன்று. மூளையுள்ளவன் ஒருவன் அந்த இரண்டையும்தான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பான். நான் டாலரைப் பெருக்கினேன், வயருக்கும் ஃபேனுக்கும்கூட விலை எழுதினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கப் பல தடவை வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஜோக் அடித்துவிட்டு நகர்ந்தேன். இன்னொரு இன்டர்வியூ வரும், அப்போது நானே பைக்கில் கொண்டுபோய் விடுவேன் என்று சொல்லிக்கொண்டேன்.

வந்தது அவள் கல்யாணம். நான் கேம்பஸில் தேர்வாகி மெட்ராஸ் போனதும் சைட்டை மூடிவிட்டோம்.

அக்கா இப்போது கூரம் கிராமத்தில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். அந்த வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை.